கிண்டி கல்லூரியின் முதல் மூன்று பெண்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் சாதனைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது அனுசாட் செயற்கைக்கோள்தான். 2009 ஏப்ரல் 20-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறிப் போனது. எடை சுமார் 40 கிலோ. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் என்பதால் அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. வந்திருக்கவும் வேண்டும்.

ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமான கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் இன்னொன்று நடந்தது. இதில் ராக்கெட் கிடையாது, விருது கிடையாது, மேடை கிடையாது. ஓர் இளம்பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான்! அப்போது அந்தக் கல்லூரிக்கு வயது 146. அந்த 146 வருடங்களில் அங்கே ஒரு பெண் கூட படித்ததில்லை.

அவர் யார், ஏன் வந்தார், வந்தபின் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்கினால்தான் விஷயம் விளங்கும்.

எட்டுப் பேர் படித்த பள்ளி

1794-ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸில் நிலத்துக்கு மேல் நிலமாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். கைக்கு வந்த நிலத்துக்கு வரி போட வேண்டுமென்றால் முதலில் அதை அளக்க வேண்டும். அளப்பதற்கு சர்வேயர்கள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆட்களை வரவழைத்தால் செலவு அதிகம், போதுமான ஆட்களும் கிடைப்பதில்லை. எனவே மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளரின் யோசனைப்படி உள்ளூரிலேயே ஒரு சர்வே பள்ளி தொடங்கப்பட்டது. எட்டு மாணவர்கள். மெட்ராஸில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்துச் சிறுவர்களைத்தான் இந்த வேலைக்குப் பழக்கினார்கள். குறைந்த செலவில் ஆள் தயார் செய்வதுதான் கம்பெனியின் கணக்கு.

அந்தச் சின்னப் பள்ளிதான் 1858-இல் சிவில் இன்ஜினியரிங் பள்ளியாக மாறி, பிறகு பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. சேப்பாக்கத்தில் இருந்த கல்லூரி 1920-இல் கிண்டிக்கு இடம் மாறியது. இன்றைக்கும் சர்தார் பட்டேல் சாலையில் போகிறவர்கள் பார்க்கிற அந்தச் செங்கல் நிறக் கட்டிடம்தான். 1978-இல் கிண்டி கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டிடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் உருவானது.

1930-இல் கிண்டியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டப்படிப்பு வந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அடுத்து மேட்டூர். கோயம்புத்தூர் மில்களுக்குக் கரண்ட் போகத் தொடங்கியது. மாகாணம் முழுக்கக் கம்பம் நட வேண்டும், கம்பி இழுக்க வேண்டும், துணைமின் நிலையம் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் இன்ஜினியர்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் துறையில் பேராசிரியராக இருந்தவர்களில் ஒருவர் பப்பு சுப்பா ராவ். தெலுங்குக் குடும்பம், மெட்ராஸ்வாசி. இவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டருக்குத் திறந்த கதவு

பொறியியல் கல்லூரியில் பெண்கள் இல்லை என்றால், அந்தக் காலத்தில் மெட்ராஸில் பெண்களே படிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். மேரி ஷார்லீப் அவர்களில் ஒருவர். புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி அம்மையார் 1907-இல் அதே கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டர் ஆனார். 1914-இல் ராணி மேரி கல்லூரி, 1915-இல் பெண்கள் கிறித்துவக் கல்லூரி என்று பெண்களுக்கென்றே கல்லூரிகளும் வந்துவிட்டன.

அப்படியானால் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நடுவில் ஏன் 65 வருட இடைவெளி?

காரணம் எளிது. பெண் டாக்டர் வேண்டும் என்று சமூகமே கேட்டது. வீட்டுப் பெண்கள் ஆண் டாக்டரிடம் போக மாட்டார்கள், பிரசவத்துக்கு ஆண் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் பெண் டாக்டருக்குத் தேவை இருந்தது. பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு டீச்சரும் தேவைப்பட்டார்கள். ஆனால் "இந்தப் பாலத்தை ஒரு பெண்தான் கட்ட வேண்டும்" என்று யாரும் கேட்கவில்லை. டைனமோவுக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. தேவை இல்லாத இடத்தில் கதவு தானாகத் திறக்காது. பொருளாதாரப் பாடத்தில் வருகிற விஷயம்தான் இது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தேவையே இல்லாத நிலையில் கிண்டியின் கதவு எப்படித் திறந்தது என்பதுதான் ஆச்சரியம்.

பதினெட்டு வயதில்...

அய்யலசோமயாஜுல லலிதா 1919 ஆகஸ்ட் 27-ஆம் தேதி பிறந்தார். மேலே சொன்ன பேராசிரியர் சுப்பா ராவின் மகள். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அண்ணன் தம்பிகள் இன்ஜினியரிங் பக்கம் போனார்கள். பெண்களுக்கு அந்தக் கால வழக்கப்படி கொஞ்சம் படிப்பு, பிறகு கல்யாணம்.

லலிதாவுக்கு 1934-இல் கல்யாணம் நடந்தபோது வயது 15. சாரதா சட்டம் 1930-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14 என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. ஆக, சட்டப்படி இது குழந்தைத் திருமணம் கூட இல்லை! கல்யாணம் ஆனாலும் பத்தாவது முடிக்கும்வரை படிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். லலிதாவும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துபோனார். அப்போது லலிதாவுக்கு வயது 18.

அந்தக் காலத்தில் ஒரு பிராமணக் குடும்பத்தில் 18 வயது விதவை என்றால் என்ன அர்த்தம் என்று இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. நல்ல காரியங்களில் முன்னால் வரக் கூடாது. பல வீடுகளில் தலையை மழிப்பார்கள். வீட்டின் ஒரு மூலையில், சமையல்கட்டில், யாருடைய தயவிலாவது காலம் தள்ள வேண்டும். விதவைத் திருமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு, வீட்டில் நடப்பது வேறு. இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் வந்து, கணவரின் சொத்தில் விதவைக்கு ஒரு பங்கு கொடுத்தது. அதுவும் அவர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். முழு உரிமை கிடைக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு விதவைக்குக் கௌரவமாக வாழ ஒரே வழி, சொந்தமாகச் சம்பாதிப்பது. இதை மெட்ராஸில் முதலில் செய்து காட்டியவர் சகோதரி சுப்பலட்சுமி. பால்ய விதவையான அவர் 1911-இல் பட்டம் வாங்கினார். பிறகு தன்னைப் போன்ற பெண்களுக்காக விடுதி நடத்தினார். திருவல்லிக்கேணி கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று சொல்லப்படும் ஐஸ் ஹவுஸில் அந்த விடுதி இருந்தது. அங்கிருந்து எத்தனையோ பெண்கள் டீச்சர்களாக வெளியே வந்தார்கள். விதவை என்றால் டீச்சர் வேலை என்பது அப்போது ஓரளவு ஏற்றுக்கொள்ளப்பட்ட பாதை.

லலிதா அந்தப் பாதையில் போகவில்லை.

ஏன் டாக்டர் இல்லை?

அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்த லலிதா முதலில் ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார். அடுத்து என்ன? நன்றாகப் படிக்கிற பெண், சயின்ஸ் பாடம், மருத்துவக் கல்லூரியில் பெண்களுக்கு இடம் உண்டு. எல்லோரும் சொல்லக்கூடியது டாக்டர் படிப்புதான்.

அதை லலிதா வேண்டாம் என்றதற்குக் காரணம் மிகவும் நடைமுறையானது. டாக்டர் என்றால் நேரம் காலம் கிடையாது. நடு ராத்திரியில் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். கையில் சின்னக் குழந்தை. குழந்தையை விட்டுவிட்டு ராத்திரியில் ஓடுகிற வேலை வேண்டாம். ஒன்பது மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிற வேலை வேண்டும். அப்பாவும் சகோதரர்களும் பார்த்துக்கொண்டிருந்த வேலை அப்படிப்பட்டதுதான். இன்ஜினியர்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவர்" என்று இன்றைக்கு எழுதும்போது ஏதோ புரட்சி செய்யக் கிளம்பியவர் போல ஒரு சித்திரம் மனதில் வருகிறது. லலிதாவின் கணக்கில் புரட்சி இல்லை. ஒரு குழந்தை இருந்தது, ஒரு சம்பளம் தேவைப்பட்டது, ராத்திரி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. சரித்திரத்தில் பல "முதல்"கள் இப்படித்தான் நடக்கின்றன.

அப்பா போட்ட முயற்சி

கிண்டியில் பெண்களைச் சேர்க்கும் வழக்கம் அதுவரை இல்லை. சுப்பா ராவ் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக் கல்வித்துறை இயக்குநராக இருந்த ஸ்டாதம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் ஒப்புதலும் வாங்கப்பட்டது. இருவருமே மறுக்கவில்லை. 1940-இல் லலிதா நான்கு வருட எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிப்பில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கதவு திறந்ததற்குக் காரணம் லலிதாவின் திறமை மட்டும் இல்லை. அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வரின் அறைக்குள் போய் உட்கார்ந்து பேசக்கூடிய இடத்தில் இருந்தவர். அதே வயதில், அதே அறிவோடு, அதே கஷ்டத்தோடு, ஆனால் அப்படி ஓர் அப்பா இல்லாத எத்தனை பெண்கள் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்திருப்பார்கள்? அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. லலிதாவைப் பாராட்டும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வதுதான் நியாயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. வசதியும் செல்வாக்கும் இருந்த அப்பாக்கள் அன்று நிறையவே இருந்தார்கள். விதவை மகளுக்காக அந்தச் செல்வாக்கைச் செலவழித்தவர்கள் எத்தனை பேர்?

ஒருத்தி போதாது

நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரே ஒரு பெண். தங்குவதற்குத் தனியாக ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது, வார இறுதியில் லலிதா போய்ப் பார்த்துவிட்டு வருவார். கூடப் படித்த மாணவர்கள் தொந்தரவு எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. வகுப்பில் பிரச்சனை இல்லை. பிரச்சனை வகுப்பு முடிந்த பிறகுதான். பேசுவதற்கு ஆள் இல்லை!

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்குத் தெரியும், பரீட்சைக்கு முந்தைய ராத்திரி சந்தேகம் கேட்க ஆள் வேண்டும், மெஸ் சாப்பாட்டைத் திட்டுவதற்கும் ஆள் வேண்டும். கல்லூரி என்பது பாதி வகுப்பறை என்றால் மீதிப் பாதி இதுதான். அந்தப் பாதி லலிதாவுக்குக் கிடைக்கவில்லை.

சுப்பா ராவ் மறுபடியும் முதல்வரிடம் பேசினார். இந்த முறை கேட்டது தன் மகளுக்கு இடம் அல்ல. மற்ற பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கை. அடுத்த வருடமே இரண்டு பெண்கள் சிவில் இன்ஜினியரிங்கில் சேர்ந்தார்கள். ஒருவர் லீலம்மா ஜார்ஜ். இன்னொருவர் பி.கே. த்ரேசியா. இருவரும் இன்றைய கேரளத்துப் பகுதியைச் சேர்ந்தவர்கள். லீலம்மா முதலில் மருத்துவம் படிக்கப் போய், அது ஒத்துவராமல் பொறியியலுக்கு வந்தவர்.

இந்த இரண்டாவது முடிவுதான் முதலாவதைவிட முக்கியமானது என்று தோன்றுகிறது. 1940-இல் லலிதாவைச் சேர்த்தது ஒரு விதிவிலக்கு. பேராசிரியர் கேட்டார், கொடுத்தார்கள். லலிதா படித்து முடித்துப் போயிருந்தால் கதவு மறுபடி மூடியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் வெளியிலிருந்து இருவர் வந்தபோதுதான் அது வழக்கமாக மாறத் தொடங்கியது. விதிவிலக்குக்கும் விதிக்கும் நடுவில் இருந்தது இரண்டே இரண்டு மாணவிகள்.

யுத்தமும் பட்டமும்

லலிதா சேர்ந்த காலத்தில் வெளியே இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் மெட்ராஸே பாதி காலியானது. யுத்த காலத்தில் அரசாங்கத்துக்கு இன்ஜினியர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அதனால் கீழ் வகுப்பு மாணவர்களின் படிப்புக் காலத்தைச் சில மாதங்கள் குறைத்துவிட்டார்கள். விளைவு, ஒரு வருடம் பின்னால் சேர்ந்த லீலம்மாவும் த்ரேசியாவும் லலிதாவும் ஒன்றாகவே படித்து முடித்தார்கள். தனியாக உள்ளே போனவர் மூவரில் ஒருவராக வெளியே வந்தார்.

இதே காலகட்டத்தில் கிண்டியில் மெக்கானிக்கல் படித்த இன்னொருவரும் பிற்காலத்தில் பெரிய பெயர் எடுத்தார். அமுல் புகழ் வர்கீஸ் குரியன்தான் அவர். வணிகவியல் மாணவர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத பெயர்.

இப்போது அந்தப் பிரபலமான சான்றிதழுக்கு வருவோம். பட்டச் சான்றிதழ்கள் முன்கூட்டியே அச்சடித்து வைக்கப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் இருந்த அந்த வாசகத்தில் மாணவரைக் குறிக்கும் இடத்தில் 'ஹீ' என்றுதான் அச்சாகியிருந்தது. லலிதாவின் சான்றிதழில் அந்த 'ஹீ'யைப் பேனாவால் அடித்துவிட்டு 'ஷீ' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

சிரிப்பு வருகிற விஷயம்தான். ஆனால் அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெண்கள் வரக் கூடாது என்று யாரும் அந்தப் படிவத்தில் எழுதவில்லை. வருவார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நிறுவனம் யாரை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் கொள்கை அறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை, அதன் படிவங்களைப் படித்தால் போதும்.

சிம்லா, கல்கத்தா, நியூயார்க்

பட்டம் வாங்கியதும் லலிதா ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஒரு வருடம் செய்முறைப் பயிற்சி எடுத்தார். பிகாரில் உள்ள ஜமால்பூர் 1862-இல் தொடங்கிய பழைய ரயில்வே பணிமனை. அங்கிருந்து சிம்லாவில் மத்திய தரநிர்ணய நிறுவனத்தில் வேலை. அண்ணன் குடும்பம் உடன் இருந்ததால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வழி இருந்தது.

நடுவில் சில மாதங்கள் மெட்ராஸுக்கு வந்து அப்பாவின் ஆராய்ச்சிகளுக்கு உதவி செய்தார். சுப்பா ராவ் மின்சாரத்தில் இயங்கும் ஓர் இசைக்கருவி, புகையில்லாத அடுப்பு என்று பல கண்டுபிடிப்புகளில் ஈடுபட்டிருந்தவர். ஆனால் ஆராய்ச்சியில் மாதச் சம்பளம் கிடையாதே! 1948-இல் லலிதா கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். வேலை என்னவென்றால் மின்கடத்தல் பாதைகளை வடிவமைப்பது, துணைமின் நிலையங்களுக்கான வரைபடம் போடுவது, பாதுகாப்புச் சாதனங்களைத் தேர்வு செய்வது. சட்லெஜ் நதியின் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் ஜெனரேட்டர்கள் சம்பந்தப்பட்ட வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1963-இல் நேரு பக்ரா அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த விழாவைப் பற்றிப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒருவர் கல்கத்தாவில் உட்கார்ந்து வேலை பார்த்தது தெரிந்திருக்கும்?

ஒரு விஷயம் இருக்கிறது. அவர் பெரும்பாலும் வரைபட மேஜையில்தான் வேலை பார்த்தார். தனியாகக் குழந்தையை வளர்க்கும் ஒரு விதவைப் பெண் ஊர் ஊராக சைட்டுக்குப் போய்த் தங்குவது அன்றைய சூழ்நிலையில் சுலபமில்லை. பட்டம் கிடைத்ததும் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை.

1953-இல் லண்டன் மின்பொறியாளர் நிறுவனம் லலிதாவை இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது இந்தியாவிலிருந்து போன ஒரே பெண் இன்ஜினியர் அவர்தான். அதுவும் அரசாங்கமோ சங்கமோ அனுப்பவில்லை. இந்தியாவில் அப்படி ஒரு சங்கமே அப்போது இல்லை. தனிப்பட்ட முறையில்தான் போனார். அங்கே பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது, 150 வருடம் முன்பு பிறந்திருந்தால் கணவரின் சிதையிலேயே தன்னையும் எரித்திருப்பார்கள் என்று சொன்னார். அமெரிக்காவில் அது பெரிய செய்தியானது. இங்கே அவ்வளவாக இல்லை.

அதன்பின் லண்டன் பெண்கள் பொறியியல் சங்கத்தில் உறுப்பினரானார். ஒரு சுவாரசியமான தகவல், அந்தச் சங்கம் தொடங்கியது லலிதா பிறந்த அதே 1919-இல்தான். 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து பெண்களைத் திரட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒருத்தி போதாது என்பதைக் கிண்டி ஹாஸ்டலிலேயே கற்றுக்கொண்டவர் அல்லவா!

1977-இல் ஓய்வு பெற்றார். 1979-இல், 60-வது வயதில் காலமானார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

மற்ற இருவர்

லலிதாவின் பெயராவது கடந்த சில வருடங்களில் இணையத்தில் வலம் வருகிறது. மற்ற இருவரைத் தமிழ்நாட்டில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பதவி உயர்வை வைத்துப் பார்த்தால் மூவரில் மேலே போனவர் த்ரேசியாதான்.

த்ரேசியா 1924-இல் திருச்சூர் மாவட்டத்தில் பிறந்தவர். கிண்டிப் பட்டத்தோடு கொச்சி சமஸ்தானத்தின் பொதுப்பணித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். திருச்சூர் பக்கம் முளங்குன்னத்துக்காவு காசநோய் மருத்துவமனைக் கட்டுமானத்தில் பொறுப்பு வகித்தார். பிறகு படிப்படியாக உயர்ந்து 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். சாலை, பாலம், ஆஸ்பத்திரி என்று ஒரு மாநிலத்தின் கட்டுமானங்கள் அவர் மேற்பார்வைக்குக் கீழே வந்தன. தாரில் ரப்பரைக் கலந்து ரோடு போடும் சோதனையையும் செய்து பார்த்தார். ரப்பர் விளைகிற ஊர், மழை அடித்துக் கொட்டுகிற ஊர். இரண்டையும் தெரிந்தவருக்கு வரக்கூடிய யோசனைதான்! 1979-இல் ஓய்வு பெற்றார், 1981-இல் மறைந்தார்.

லீலம்மா திருவிதாங்கூர் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். நகரமைப்பு படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கல்யாணத்துக்குப் பிறகு லீலம்மா கோஷி என்று அறியப்பட்டார்.

கவனித்தீர்களா? மூவரும் மூன்று திசையில் போனார்கள். ஒருவர் தனியார் கம்பெனியில் மின்சாரம், ஒருவர் அரசாங்கத்தில் ரோடும் பாலமும், ஒருவர் நகரமைப்பு. மூவரும் ஓய்வு வயது வரும்வரை உழைத்து வாழ்ந்த தலைமுறை. "பெண்ணுக்கு சீட் கொடுத்தால் கல்யாணம் ஆனதும் வீட்டில் உட்கார்ந்துவிடுவாள், சீட் வீண்" என்று பிற்காலத்தில் கூட எத்தனையோ பேர் சொன்ன வாதத்துக்கு 1940-களிலேயே பதில் இருந்தது.

இன்னொரு ஒப்பீடு. வங்காளத்தின் புகழ்பெற்ற சிப்பூர் பொறியியல் கல்லூரியிலிருந்து முதல் பெண் பட்டதாரியாக இலா மஜும்தார் வெளியே வந்தது 1951-இல். அதாவது கிண்டி சில வருடங்கள் முன்னால் இருந்தது. இன்று எந்தப் பொறியியல் கல்லூரிக்குப் போனாலும் மாணவிகள் இல்லாத வகுப்பைப் பார்ப்பது கஷ்டம்.

எந்தக் கணக்கில் எழுதுவது?

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. ஒரு கல்லூரி தன் சாதனைகளைக் கூட்டிப் பார்க்கும்போது தங்கப் பதக்கம், ராக்கெட், வேலைவாய்ப்பு என்று தொட முடிகிற சொத்துகளை எல்லாம் எழுதிவிடுகிறது. 1941-இல் ஒரு முதல்வர் "சரி, இன்னும் இரண்டு பெண்கள் வரட்டும்" என்று சொன்னதை எந்தத் தலைப்பில் எழுதுவது? அதற்குச் செலவும் ஆகவில்லை, விழாவும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வளாகத்துக்குள் காலெடுத்து வைத்த ஒவ்வொரு மாணவியின் கணக்கிலும் அது வரவாக நிற்கிறது.

அநாதைச் சிறுவர்களை மலிவாக சர்வேயர் ஆக்கலாம் என்ற கணக்கில் தொடங்கிய ஒரு பள்ளி, 146 வருடம் கழித்து ஒரு விதவைக்கும் அவள் குழந்தைக்கும் சோறு போட்டது. முன்னது கம்பெனியின் கணக்கு. பின்னதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒரு மகள் கேட்டாள், ஒரு தகப்பன் போய்ப் பேசினான், இரண்டு அதிகாரிகள் மறுக்கவில்லை.

எனவே இனி எங்காவது "இந்தத் துறையில் முதல் பெண்", "இந்த ஊரிலிருந்து முதல் பட்டதாரி", "இந்தச் சமூகத்திலிருந்து முதல் ஆள்" என்று செய்தி வந்தால் கைதட்டிவிட்டு நின்றுவிடாதீர்கள். அடுத்த இரண்டு பேர் யார், அவர்கள் எப்போது வந்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அந்தக் கல்லூரி உண்மையிலேயே கதவைத் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.